சிப்காட்டில் வேலை, சொந்த ஊர் வேறு... ஓட்டு எங்கே? வாக்காளர் விண்ணப்பம் சரிபார்க்கப்படுவது எப்படி?

தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் வரிசை எண் 1 கும்மிடிப்பூண்டி. ஆந்திர எல்லையை ஒட்டிய திருவள்ளூர் மாவட்டத் தொகுதி. இங்குள்ள சிப்காட் ஆலைகளுக்காக வெளி மாவட்டம், வெளி மாநிலத்தில் இருந்து வந்து வாடகை அறைகளில் தங்கியிருப்பவர்கள் ஏராளம். இவர்கள் இங்கே ஓட்டு கேட்டு விண்ணப்பித்தால், அதிகாரிகள் எதைப் பார்த்து முடிவு செய்வார்கள்?

சொந்த வீடு வேணுமா?

வேண்டாம். 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் கேட்பது ஒன்றுதான்: 'இங்கே வழக்கமாக வசிக்கிறீர்களா?' ஓர் ஊரில் வீடு இருக்கிறது என்பதற்காக மட்டும் அங்கே ஓட்டு கிடைக்காது. வாடகைக்கு இருக்கிறார் என்பதற்காக ஓட்டை மறுக்கவும் முடியாது.

எந்தப் படிவம்?

முதல்முறை பதிவு செய்பவர்களுக்குப் படிவம் 6. சொந்த ஊரில் ஏற்கெனவே பெயர் இருந்து, இங்கே மாற்ற நினைப்பவர்களுக்குப் படிவம் 8. பலரும் தவறுவது இங்கேதான். ஊரில் பெயரை வைத்துக்கொண்டே இங்கே புதிதாகப் படிவம் 6 கொடுத்தால் இரட்டைப் பதிவு ஆகிவிடும். உறுதிமொழியில் பொய் சொன்னால் ஓராண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம்.

சரிபார்ப்பு எப்படி நடக்கும்?

விண்ணப்பம் வாக்காளர் பதிவு அலுவலரிடம் போகும். விண்ணப்பித்தவர்களின் பட்டியல் பொதுப்பார்வைக்கு வைக்கப்படும். ஆட்சேபம் சொல்ல 7 நாள் அவகாசம். இதற்கிடையே பிஎல்ஓ எனப்படும் வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டுக்கே வந்து விசாரிப்பார்.

முகவரிக்கு ஆதார், வங்கி பாஸ்புக், மின் கட்டண ரசீது, பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் போன்றவை ஏற்கப்படும். அறை எடுத்துத் தங்குபவர்களிடம் இதில் எதுவுமே இல்லாமல் போகலாம். அதற்காக மட்டும் விண்ணப்பத்தைத் தள்ள முடியாது. ஆவணம் இல்லாவிட்டால் நேரடி விசாரணை கட்டாயம் என்று படிவம் 6-லேயே இருக்கிறது. வீடே இல்லாதவர் என்றால், சொன்ன இடத்தில்தான் தூங்குகிறாரா என்று பிஎல்ஓ இரவில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் அறிவுறுத்தல்.

சிக்கல் எங்கே?

ஆள் வீட்டில் இருக்கணும். ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர்களின் அறை பகலில் பூட்டியிருக்கலாம். ஒப்பந்த வேலை முடிந்தால் அறையே மாறிவிடலாம். சிறப்பு தீவிர திருத்தமான எஸ்ஐஆருக்குப் பின் 2025 டிசம்பர் 19-ல் வெளியான வரைவுப் பட்டியலில் மாநிலம் முழுக்க சுமார் 97.37 லட்சம் பெயர்கள் இல்லை. அவற்றில் 66.44 லட்சம் பேர் இடம் மாறியவர்கள் அல்லது முகவரியில் இல்லாதவர்கள் எனக் குறிக்கப்பட்டனர். இறந்தவர்கள் 26.94 லட்சம். அதாவது நீக்கத்துக்குப் பெரிய காரணம் மரணம் அல்ல, முகவரி.

முகவரியில் ஆள் இல்லை என்பதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஊரை விட்டே போயிருக்கலாம், வேலைக்குப் போயிருக்கலாம். போலிப் பதிவைத் தடுப்பதும் உண்மையான வாக்காளரைக் காப்பதும் இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பதில்தான் இருக்கிறது.

நிராகரித்தால் என்ன செய்யணும்?

பதிவு அலுவலரின் உத்தரவை எதிர்த்து 15 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அங்கேயும் பலன் இல்லையென்றால் 30 நாட்களுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் போகலாம். உங்கள் பிஎல்ஓ யார் என்று தெரியவில்லையா? 1950 என்ற எண்ணுக்குப் போன் போட்டுக் கேளுங்கள். எந்த நேரத்தில் வீட்டில் இருப்பீர்கள் என்பதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.