லார்ட் எர்ஸ்கினும் ராஜாஜி ஆஸ்பத்திரியும்

கல்வராயன் மலைக்குக் கிழக்கே கள்ளக்குறிச்சி, மேற்கே ஆத்தூர். 1937 அக்டோபர் 1-ம் தேதியிலிருந்து ஆத்தூர்ப் பக்கம் குடித்தால் குற்றம். கள்ளக்குறிச்சிப் பக்கம் கடை திறந்தே இருந்தது. முதலமைச்சரான சூட்டோடு ராஜாஜி தன் சொந்த சேலம் மாவட்டத்தில்தான் மதுவிலக்கைத் தொடங்கினார். கள்ளக்குறிச்சி அப்போது தென்னாற்காடு மாவட்டம்.

அந்த ராஜாஜிக்குக் கவர்னராக இருந்தவர் லார்ட் எர்ஸ்கின், ஸ்காட்லாந்தின் பழைய பிரபு குடும்பத்து மூத்த பிள்ளை. 1934-ல் சென்னை வந்தபோது வயது 39. அதற்கு முன் லண்டனில் எம்.பி. 'பிரபு எப்படி மக்கள் சபையில்?' என்று கேட்பீர்கள். அப்பா உயிரோடு இருக்கும்வரை, மகன் பெயருக்கு முன்னால் உள்ள 'லார்ட்' வெறும் மரியாதைப் பட்டம்தான். தேர்தலில் நின்று ஜெயித்துத்தான் உள்ளே போகவேண்டும்.

மனைவி மார்ஜரியும் பிரபு வீட்டுப் பெண், பிரிஸ்டல் மார்க்விஸின் மகள். நான்கு ஆண் பிள்ளைகள்.

கதர் கட்டிய காங்கிரஸ்காரருக்கும் கன்சர்வேடிவ் கட்சிக்காரருக்கும் எப்படி ஒத்துப்போகும்? போனது! சாராய வருமானம் நின்றதும் கஜானாவில் துண்டு விழ, 1939-ல் ராஜாஜி விற்பனை வரி கொண்டுவந்தார். நம் பில்லில் இன்று இருக்கும் ஜி.எஸ்.டி.க்கு அது தாத்தா முறை. ஆனால், ராஜாஜி கொண்டுவந்த கட்டாய இந்தியை அவர் பதவி விலகிய பிறகு, 1940 பிப்ரவரியில் வாபஸ் வாங்கியவர் இதே எர்ஸ்கின்தான். அடுத்த மாதம் ஊருக்குக் கப்பல் ஏறினார்.

மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு 'எர்ஸ்கின் ஆஸ்பத்திரி' என்று பெயர் வைத்தார்கள். பின்னாளில் அது ராஜாஜி மருத்துவமனை ஆயிற்று. கவர்னர் பெயரை எடுத்துவிட்டு, அவரோடு வேலை பார்த்தவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்!

பாவம், எர்ஸ்கின் கடைசிவரை பிரபு ஆகவில்லை. 1953-ல், 58 வயதில் இறந்தார். அப்பா போனது 1955-ல். பட்டம் தாத்தாவிடமிருந்து நேரே பேரனுக்குத் தாவியது.

பரம்பரைப் பட்டம் லண்டனில் மட்டுமா? கல்வராயன் மலையில் சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகிர்கள். எர்ஸ்கின் காலத்திலும் அவர்கள் ஆட்சிதான், சுதந்திரத்துக்குப் பிறகும் அவர்கள் ஆட்சிதான். கீழே ஜமீன் ஒழிந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியும், மலையாளிப் பழங்குடி மக்களுக்கு ஜாகிர்தாரிடமிருந்து விடுதலை கிடைத்தது 1976-ல்தான். ரோடும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் அதற்கப்புறம் மெதுவாக ஏறின. சாராயம் மட்டும் எந்தச் சட்டத்துக்கும் காத்திருக்கவில்லை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதில் இருந்தது மெத்தனால். அது மலையில் காய்ச்சுகிற சரக்கில்லை, தொழிற்சாலைக்குப் போகிற ரசாயனம். ஆனாலும் ஊறலைத் தேடி போலீஸ் ஜீப்புகள் கல்வராயன் மலைக்கு ஏறின.