புல் வெட்டும் மிஷினும் ஹவாய் செருப்பும்

டேராடூன் வந்து இது ஆறாவது மழைக்காலம். சென்னையில மழைன்னா தண்ணி தேங்கற கவலை, இங்க மழைன்னா புல் கவலை. ஜூலையில ஆரம்பிச்சு செப்டம்பர் கடைசி வரைக்கும் கொட்டித் தீர்க்கும். வாரத்துக்கு ஒரு தடவை வெட்டலைன்னா அப்புறம் அது புல் வெட்டறது இல்ல, அறுவடை. அம்மாகிட்ட போன்ல சொன்னா, "ஏண்டா, இதுக்குப் போயி மிஷினா? ஒரு மாட்டைக் கட்டினா வேலை முடிஞ்சுது"ங்கறாங்க. நல்ல யோசனைதான். வீட்டு ஓனர்தான் ஒத்துக்க மாட்டார் :-)

சொல்ல வந்தது இதுதான். பெட்ரோல்ல ஓடற, பின்னாடி நடந்து தள்ளற புல் வெட்டும் மிஷினை யார் வாங்கறாங்களோ அவங்களே தள்ளணும். மாலியை (தோட்டக்காரரை இங்க அப்படித்தான் சொல்லுவாங்க) வெச்சுத் தள்ள வைக்கறதா இருந்தா, மொதல்ல நாம நாலு தடவை தள்ளிப் பார்த்துட்டு, அவர் கால்ல ஒரு நல்ல ஷூவையும் மாட்டிவிட்டுட்டு அப்புறமா கைப்பிடியைக் கொடுக்கணும். இதைச் சொன்னா இந்தத் தெருவுல என்னை ஒரு மாதிரி பார்க்கறாங்க. பக்கத்து வீட்டு ரிட்டையர்ட் கர்னல் ரொம்ப அக்கறையா, "மாலி இன்னிக்கு வரலையா?"ன்னு வாராவாரம் கேக்கறார். வந்திருக்கார் சார், அந்தப் பக்கம் டேலியா நாத்து நட்டுக்கிட்டு இருக்கார்.

ஏன் இவ்வளவு பிடிவாதம்னு கேக்கறவங்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. என் மிஷின்ல பிளேடு 21 இன்ச். நிமிஷத்துக்கு சுமார் 3000 சுத்து. கூட்டிப் பெருக்கிப் பார்த்தா பிளேடு நுனி மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்துல போகுது. வந்தே பாரத் ரயிலைவிட வேகமான ஒரு இரும்புப் பட்டை, உங்க கால் கட்டைவிரலுக்கு ஒண்ணு ஒண்ணரை அடி தூரத்துல, ஒரு தகர மூடிக்குள்ள சுத்துது. புல்லுக்குள்ள கிடக்கற கூழாங்கல் அதுல மாட்டினா தோட்டா மாதிரிதான் வெளிய வரும். இந்த ஊர் மண்ணுல கூழாங்கல்லுக்குப் பஞ்சமே இல்ல.

இப்ப மாலி எப்படி வர்றார்? ஹவாய் செருப்பு. பேன்ட்டை முழங்கால் வரைக்கும் மடிச்சிருப்பார். ஈரப் புல், வழுக்கும். மேட்டுல ஏத்தும்போது கால் சறுக்கினா நேரா மிஷினுக்கு அடியிலதான் போகும். ஈரப் புல் அடியில அப்பிக்கிட்டு அடைச்சா, எஞ்சினை நிறுத்தாமலே ஒரு பக்கமாத் தூக்கி குச்சியால நோண்டுவார். குச்சி சரியா வரலைன்னா கையால.

அமெரிக்காவுல 1982லேயே சட்டம் போட்டுட்டாங்க. கைப்பிடியில இருக்கற லிவரை விட்டா மூணு செகண்டுக்குள்ள பிளேடு நின்னாகணும். இங்க விக்கற மாடல் எல்லாத்துலயும் அது இருக்கும்னு நம்பிடாதீங்க, வாங்கும்போது கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லிப் பாருங்க. ஆனா இருந்தும் என்ன? மூணு வீடு தள்ளி ஒரு பங்களாவுல அந்த லிவரை கைப்பிடியோட சேர்த்து சணல் கயிறால கட்டி வெச்சிருக்காங்க. சும்மா சும்மா நின்னுடுதாம், பிடிச்சுப் பிடிச்சுக் கை வலிக்குதாம். கட்டினது மாலிதான். அஞ்சு வீடு வேலை முடிக்கணும் அவருக்கு, அவசரம். அந்த வீட்டுக்காரர் மிஷின் பக்கமே போனதில்ல, அதனால அந்தக் கயிறு அவர் கண்ணுல பட்டதே இல்ல. எனக்குக் கோபம் வர்ற இடம் இதுதான். நாமதான் காசு போட்டு மிஷின் வாங்கறோம், ஆனா அதோட ஆபத்து முழுக்க மாசச் சம்பளத்துக்கு வர்ற ஒருத்தர் கால்ல. இதே மனுஷங்க கார் ஏறின உடனே பெல்ட் போட்டுக்கறாங்க.

"அவர் பொழப்பைக் கெடுக்கறியா?"ன்னு ஒரு கேள்வி வரும். வரணும், நல்ல கேள்வி. என் வீட்டு மாலிக்கு நான் ஒரு பைசா குறைக்கல. புல் வெட்டற நேரத்துல அவர் நாத்து, பாத்தி, உரம்னு தனக்குத் தெரிஞ்ச வேலையைப் பார்க்கறார். எனக்கு அதுல ஒரு எழவும் தெரியாது. புல் வெட்டறதுக்கு மட்டும் எந்த ஞானமும் வேண்டாம், நேரா நடக்கத் தெரிஞ்சா போதும். எங்க புல்தரை நம்மூர்க் கணக்குல ஒரு கிரவுண்டு, அதாவது 2400 சதுர அடி. 21 இன்ச் மிஷினை கொஞ்சம் மேல மேல ஓட்டித் தள்ளினா மொத்தம் அரை கிலோமீட்டர் நடை. டிரெட்மில்லுக்குக் காசு கொடுத்து நடக்கறவங்க இதுக்கு ஆள் வெக்கறதுதான் எனக்குப் புரியல.

இதுல பாதி இடம்தான் உங்களுக்குன்னா பெட்ரோல் மிஷினே வேண்டாம். கையால தள்ளற உருளை மிஷின் போதும். சத்தம் இல்ல, புகை இல்ல. எங்க மிஷின் போடற சத்தத்துக்குக் காதுல பஞ்சு வெக்காம முடியாது. ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கு அதை ஸ்டார்ட் பண்றவன் மனுஷனே இல்ல.

தானே தள்ளணும்ங்கறதுக்கு இன்னொரு காரணம் பெட்ரோல். 2025 முதல் பங்க்ல ஊத்தறது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்தது. என் மிஷினோட கையேடு 10 சதவீதத்துக்கு மேல வேண்டாம்னு சொல்லுது. எத்தனால் காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும். ஓடிக்கிட்டு இருக்கற வரைக்கும் பெரிசாத் தெரியாது. இங்க நவம்பர் வந்தா அறுகம்புல் (அதான் இவங்க தூப்னு சொல்றது, நம்ம பிள்ளையாருக்குப் போடறதேதான்) காய்ஞ்சு பழுப்பாகி மார்ச் வரைக்கும் தூங்கும். மிஷினும் மூலையில தூங்கும். நாலு மாசம் டேங்க்ல கிடந்த பெட்ரோல் கார்புரேட்டர்ல பிசின் மாதிரி படிஞ்சு, ஊசித் துளை அடைச்சு, மார்ச்சுல கயிறை எத்தனை தடவை இழுத்தாலும் ஸ்டார்ட் ஆகாது. உடனே வீட்டுக்குள்ள இருந்து தீர்ப்பு வரும்: "மாலி கெடுத்துட்டான்." அவருக்கு எத்தனால் பத்தி யார் சொன்னா? கையேடு இருக்கறது இங்கிலீஷ்ல, அதுவும் உங்க அலமாரியில.

இத்தனைக்கும் பெரிய வித்தை ஒண்ணும் இல்ல. கடைசி வெட்டு முடிஞ்சதும் டேங்க்ல மிச்சம் இருக்கறதை வெளிய எடுத்துடணும். நாலு ஸ்ட்ரோக் எஞ்சின்கறதால ஆயில் கலக்காத பெட்ரோல்தான், அப்படியே வண்டியில ஊத்திக்கலாம். அப்புறம் எஞ்சினை தானா நிக்கற வரைக்கும் ஓட விடுங்க, வெட்டவெளியில. மூடின கேரேஜ்ல ஓட்டினா புகை ஆளைக் கொல்லும். பிளேடு பக்கம் கை போறதுக்கு முன்னாடி ஸ்பார்க் பிளக் வயரைக் கழட்டிடணும், மழையில தந்தி அடிச்சாலும் சரி, கர்னல் கூப்பிட்டாலும் சரி.

பி.கு: ஊருக்குப் போற வாரங்கள்ல எங்க மாலியும் இந்த மிஷினைத் தள்ளறார். போன வருஷம் அவருக்கு இரும்பு முனை வெச்ச ஷூ வாங்கப் போனப்ப கடைக்காரர் சைஸ் கேட்டார். போன் பண்ணி அவர்கிட்ட கேட்டா அவருக்கே தெரியல. நேர்ல கூட்டிட்டுப் போங்க.