ஒரே ஊரு, மூணு சல்யூட்: இதில் யார் யாருக்கு 'சார்'?

2025 டிசம்பர் 3 அன்று திருவனந்தபுரம் சங்குமுகம் கடற்கரையில் கடற்படை தினக் காட்சி நடந்தது. குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு வந்திருந்தார். அந்த ஊரில் கடற்படை நிகழ்ச்சி நடத்தினாலும், தினசரி அங்கே கண்ணில் படுவது மற்ற இரண்டு படைகள்தான். 1984-ல் தொடங்கிய விமானப்படையின் தெற்கு கமாண்ட் ஆக்குளத்தில் இயங்குகிறது. பாங்கோட்டில் தரைப்படை முகாம் இருக்கிறது. மூணு படையும் ஒரே மேடையில் நின்றால் நீங்க முதலில் கவனிக்க வேண்டியது கையை.

தரைப்படைக்காரர் சல்யூட் அடித்தால் விரித்த உள்ளங்கை எதிரில் நிற்பவருக்கு முழுசா தெரியும். கடற்படைக்காரருக்கு உள்ளங்கை தரையைப் பார்க்கும். கயிறு, தார், கிரீஸ் என்று அழுக்கான கையை அதிகாரியிடம் காட்டக் கூடாது என்பதால் வந்த பழக்கம் என்று ஒரு கதை காலங்காலமாகச் சொல்லப்படுகிறது. இரண்டுமே பிரிட்டிஷ் படைகளிடமிருந்து அப்படியே வந்தவை. விமானப்படை மட்டும் இடையில் மாற்றிக்கொண்டது. 2006 வரை தரைப்படை மாதிரியே அடித்தவர்கள், அதன்பிறகு உள்ளங்கையை 45 டிகிரி சாய்த்து, இரண்டுக்கும் நடுவில் ஒரு கோணத்துக்கு வந்துவிட்டார்கள்.

வணக்கம் எந்தப் படை அதிகாரிக்கு என்பது முக்கியமில்லை. அவரவர் தங்கள் படையின் சல்யூட்டைத்தான் அடிப்பார்கள். அதனால் கையால் பிரச்சினை வராது. குழப்பம் வருவது பெயரில்.

2024 பிப்ரவரி 27 ஞாபகம் இருக்கா? தும்பாவில் உள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் ககன்யான் வீரர்களின் பெயர்களைப் பிரதமர் அறிவித்தார். பாலக்காட்டைச் சேர்ந்த பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர், சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன் இருவருமே அப்போது 'குரூப் கேப்டன்'. அதைச் சுருக்கி 'கேப்டன்' என்று எழுதினால் கணக்கே மாறிவிடும். தரைப்படை கேப்டன் என்றால் தோளில் மூன்று நட்சத்திரம். அதிகாரியாகி 2 வருஷத்தில் ஆகிவிடலாம். விமானப்படையின் குரூப் கேப்டன் தரைப்படை கர்னலுக்குச் சமம். கடற்படையில் வெறும் 'கேப்டன்' என்றாலே கர்னலுக்குச் சமம். அதற்குப் பொதுவாக 15 வருஷத்துக்கு மேல் சர்வீஸ் வேண்டும். பதவிகளை எக்ஸெல்லில் ஏற்றி 'கேப்டன்' என்று ஃபில்டர் போட்டால், 25 வயசுக்காரரும் 40 வயசுக்காரரும் ஒரே வரிசையில் வந்து நிற்பார்கள். (லெப்டினன்ட்டிலும் இதே கூத்துதான்: கடற்படை லெப்டினன்ட் தரைப்படை கேப்டனுக்குச் சமம்.)

கூப்பிடும் முறையில் தரைப்படையின் 'சாஹப்' தனி ரகம். சுபேதார் போன்ற ஜே.சி.ஓ.க்கள் படிப்படியாக உயர்ந்து வந்தவர்கள். நேற்று அகாடமியிலிருந்து வந்த லெப்டினன்ட்டுக்கு, 25 வருஷம் சர்வீஸ் போட்ட சுபேதார் சல்யூட் அடித்து 'சார்' என்பார். பதிலுக்கு அந்த இளைஞர் அவரை 'சாஹப்' என்றுதான் கூப்பிட வேண்டும். வெறும் பெயர் சொல்லி அழைக்க முடியாது. சல்யூட் ஆளுக்கு இல்லை, குடியரசுத் தலைவர் தந்த கமிஷனுக்கு. ஆனால் அனுபவத்துக்கான மரியாதையும் விடுபடக் கூடாது. அந்த இரண்டையும் ஒரே உரையாடலில் சமாளிக்கும் ஏற்பாடு இது. கடற்படையிலும் விமானப்படையிலும் 'சாஹப்' இந்த அளவுக்கு வேரூன்றவில்லை.

சரி, இப்போ இது ஏன் முக்கியம்?

மூன்று படைகளையும் பகுதிவாரியாக ஒரே தளபதியின் கீழ் கொண்டுவரும் 'தியேட்டர் கமாண்ட்' திட்டம் பேசப்படுகிறது. கடல்சார் கமாண்டின் தலைமையகத்துக்குத் திருவனந்தபுரத்தின் பெயர் ஊடகங்களில் அடிபட்டிருக்கிறது. அப்படி அமைந்தால், மூன்று விதமாகச் சல்யூட் அடிப்பவர்கள் ஒரே காரிடாரில் நடப்பார்கள்.

டெக்னோபார்க்கிலோ ஓ.எம்.ஆரிலோ வேலை பார்ப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் சட்டென்று புரியும். வேலை வாங்குவது ஒரு மேனேஜர், அப்ரைசல் போடுவது இன்னொருவர். படைகளில் நிலைமை இதைவிடக் கடுமை. தரைப்படைக்கு 1950 சட்டம், விமானப்படைக்குத் தனியாக இன்னொரு 1950 சட்டம், கடற்படைக்கு 1957 சட்டம். கூட்டு அமைப்பில் இருக்கும் மாலுமி ஒரு தப்பு செய்தால், அங்கே தளபதியாக இருக்கும் தரைப்படை ஜெனரலுக்குச் சல்யூட் கிடைக்கும், 'சார்' கிடைக்கும். ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் மட்டும் கிடைக்காது. மாலுமியைத் தாய்ப்படைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். நாட்டின் முதல் முப்படை கமாண்ட் அந்தமானில் 2001-லேயே வந்துவிட்டது. சட்டத்தில் இருந்த ஓட்டை அடைபட இருபது வருஷத்துக்கு மேல் ஆனதுதான் எனக்கு ஆச்சரியம்.

முப்படை அமைப்புகளுக்கான கட்டளை, கட்டுப்பாடு, ஒழுங்கு குறித்த சட்டம் 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 2024 மே 10 முதல் அமலுக்கு வந்தது. விதிகள் 2025 மே 27-ல் வந்தன. இனி கூட்டு அமைப்பின் தளபதி, எந்தப் படையைச் சேர்ந்தவர் மீதும் நேரடியாக நடவடிக்கை எடுக்கலாம்.

ஒரு நுணுக்கம் இருக்கு. பழைய மூன்று சட்டங்களும் அப்படியே இருக்கின்றன. மாலுமி மீது நடவடிக்கை எடுக்கும் தரைப்படை ஜெனரல், கடற்படைச் சட்டத்தைப் புரட்டித்தான் அதைச் செய்ய வேண்டும். அந்த மாலுமியும் உள்ளங்கையைக் கீழே திருப்பியேதான் அவருக்குச் சல்யூட் அடிப்பார்.