அறிக்கைக்கும் செக்குபந்தி வேண்டும்

சாரல் பிறந்துவிட்டால், குற்றாலத்தில் ஐந்தருவிச் சாலையில் குடியிருக்கிறவர்களுக்கு ஒரு கூடுதல் உத்தியோகம் தானாகவே வந்து சேர்ந்துவிடுகிறது, மதுரையிலும் கோயம்புத்தூரிலும் இருந்துகொண்டு வருஷக் கணக்காக நம்மை நினைத்தே பாராத பந்துக்களெல்லாம் தொலைபேசியில் அழைத்து, க்ஷேம விசாரணையை இரண்டு வார்த்தையில் முடித்துக்கொண்டு, "இன்னைக்குத் தண்ணி விழுதா?" என்று கேட்பார்கள். போன ஆனி மாதத்தில் அப்படி ஒரு குடும்பம், என்னைக் கேட்கும் சிரமத்தைக்கூட எடுத்துக்கொள்ளாமல், கைபேசியில் யாரோ அனுப்பிய "இன்றைய ஐந்தருவி" என்ற காணொளியை நம்பி வேன் பிடித்து வந்து இறங்கியது. காணொளியில் ஐந்து கிளைகளும் பாறை தெரியாமல் கொட்டிக்கொண்டிருந்தன. நேரில் இரண்டு கிளைகளில் மாத்திரம், அதுவும் அண்ணாந்து நின்றால் தலை நனைவது சந்தேகம் என்கிற அளவில், தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. காணொளியைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. அது எடுக்கப்பட்ட நாளில் அதுவும் இன்றுதான்.

இந்த "இன்று" என்கிற சொல்லைப் பற்றி நான் சிந்திக்கத் தொடங்கியது அருவிக்கரையில் அல்ல. என் வீட்டு மாடியறையில், தம்பி மகனுடைய கணினித் திரைக்கு முன்னால். பெங்களூரிலுள்ள ஒரு நிறுவனத்துக்கு அவன் வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கிறான். கணினிகள் தாங்கள் செய்யும் ஒவ்வொரு காரியத்தையும், யார் உள்ளே வந்தார், யார் தவறான கடவுச்சொல்லோடு கதவைத் தட்டினார் என்பது முதற்கொண்டு, மணி நிமிஷம் விநாடி குறித்து எழுதி வைத்துக்கொண்டே போகின்றன. இந்தத் தினசரிப் பதிவை அவர்கள் "லாக்" என்கிறார்கள். கோடிக்கணக்கான அந்த வரிகளை மனிதன் உட்கார்ந்து படிக்க முடியாதாகையால், இன்ன நேரத்தில் இன்ன விஷயத்தைத் தேடி எனக்கு அறிக்கை அனுப்பு என்று யந்திரத்துக்கே உத்தரவு கொடுத்துவிடுகிறார்கள். தேடலின் வாசகம் நீளமாயிருந்தால் அதற்கு ஒரு சிறு பெயர் சூட்டிவிட்டு, பெயரை மாத்திரம் எழுதுவது வழக்கம். யந்திரம் அந்தப் பெயரைக் கண்ட இடத்தில் முழு வாசகத்தையும் விரித்துக்கொள்ளும். இந்தச் சங்கேதப் பெயர்தான் மேக்ரோ.

தென்காசியில் பத்திரம் எழுதிப் பிழைத்தவருடைய மகனாகிய எனக்கு இது புதிய யுக்தியாகவே தோன்றவில்லை. "மேற்படி" என்கிறோமே, அது மேக்ரோ அல்லாமல் வேறென்ன? "மேற்படி நபர்", "மேற்படி கிராமம்" என்று ஒரு சொல்லை வைத்து அரைப் பக்கத்தை மிச்சப்படுத்துகிற வித்தையை நம் பத்திர எழுத்தர்கள் கணினிக்கு வெகு காலம் முன்பே கைவரப் பெற்றிருந்தார்கள்.

நடந்தது இது. தவறான கடவுச்சொற்களைக் கணக்கெடுத்துத் தினந்தோறும் காலை 6 மணிக்கு ஓர் அறிக்கை வரவேண்டும், வந்தது, பதினோரு நாட்களாகத் தொடர்ந்து பூஜ்யம் என்று வந்தது. பூஜ்யம் என்பது எல்லோருக்கும் பிரியமான எண்ணாதலால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பத்தாம் நாள் மாலை, என் தம்பி மகன் தன்னுடைய கடவுச்சொல்லையே மூன்று முறை தப்பாக அடித்துக் கணக்கைப் பூட்டிக்கொண்டு, அதைத் திறந்துவிடச் சொல்லி யார் யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தான். மறுநாள் காலை அறிக்கையில் அதே பூஜ்யம். தான் செய்த தப்புகூடக் கணக்கில் ஏறவில்லை என்றவுடன்தான் அவனுக்கு நெஞ்சு திக்கென்றது.

அன்று இரவு 9 மணிக்கு அவன் அந்தத் தேடலைக் கையால் ஓட்டிப் பார்த்தபோது நான் அருகில் இருந்தேன். திரையின் மேல் மூலையில் "கடந்த 24 மணி நேரம்" என்று பளிச்சென்று எழுதியிருந்தது, விடை இரண்டு. ஏழு நாள் என்று மாற்றினான்; இரண்டு. முப்பது நாள் என்றான், அப்போதும் இரண்டு.

"பெரியப்பா, என்னத்த நீட்டினாலும் இதே எண்ணுதான் வருது."

"அப்ப நீ நீட்டுறது அது காதுல விழலல. வேற எங்கயோ தேதி எழுதி வச்சிருக்கான், தேடிப் பாரு."

எனக்குக் கணினி தெரியாது. ஆனால் ஒரு நிலத்தின் விஸ்தீரணம், பத்திரத்தில் எத்தனை ஏக்கர் என்று எழுதினாலும் மாறாமல் நிற்குமானால், வேலி வேறெங்கோ போடப்பட்டிருக்கிறது என்று தெரியும். அவன் மேக்ரோவை விரித்தான். அதற்குள் இன்னொரு மேக்ரோ இருந்தது. அதையும் விரித்தபோது, நாலாவது வரியில், எவரோ எப்போதோ பரீட்சார்த்தமாக எழுதி மறந்துபோன ஒரு சிறு குறிப்பு அகப்பட்டது: கடந்த ஒரு மணி நேரத்தை மட்டும் பார். எழுதியவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அவர் எழுதிய ஒரு மணி நேரம் இங்கேயே தங்கிவிட்டது. காலை 6 மணிக்கு ஓடிய தேடல் 5 மணி முதல் 6 மணி வரை, உலகமே உறங்குகிற பொழுதை மாத்திரம், எட்டிப் பார்த்துவிட்டு, ஒருவரும் வரவில்லை என்று பதினோரு நாள் சத்தியமாகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

ஸ்பிளங்க் போன்ற தேடல் மென்பொருள்களில் இது விதிப்படியே நடக்கிற விஷயம். தேடலின் வாசகத்துக்குள்ளேயே தொடக்க நேரம் எழுதப்பட்டிருந்தால், வெளியே திரையில் தேர்ந்தெடுத்த நேரத்தை அது வென்றுவிடும். மேக்ரோவோ தேடல் ஓடுவதற்கு முன்பே விரிந்து வாசகத்தோடு வாசகமாகக் கலந்துவிடுவதால், அதன் வயிற்றுக்குள் இருக்கிற நேரமும் வாசகத்தின் நேரமாகவே கொள்ளப்படும். நன்னூலார் சூத்திரங்களின் நிலையை ஆற்றொழுக்கு, அரிமா நோக்கு, தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு என்று நான்காக வகுத்தார். மேக்ரோவுக்குள் ஒளித்து வைத்த நேரம் சாட்சாத் பருந்தின் வீழ்வு, எங்கிருந்தோ இறங்கித் தனக்கு வேண்டியதைக் கவ்விக்கொண்டு போய்விடும், கீழே நிற்பவனுக்குக் கோழிக்குஞ்சு குறைந்தது மட்டுமே தெரியும்.

அந்த வரியை எடுத்துவிட்டு, "நேற்று" என்று திருத்தினான். அத்தோடு முடிந்தது என்று நான் எழுந்திருக்கப் போக, அவன் தலையைச் சொறிந்தான். அந்தக் கணினியின் கடிகாரம் இந்திய நேரத்தில் இல்லை. கிரீனிச்சை ஒட்டிய உலகப் பொது நேரத்தில் இருந்தது. அந்த நேரத்துக்கு நள்ளிரவு நமக்குக் காலை 5:30. ஆகவே அறிக்கை காலை 6 மணிக்கு ஓடினால், யந்திரத்துக்கு அப்போது புது நாள் பிறந்து அரை மணி ஆகியிருக்கும். அதன் "நேற்று" நம் கணக்கில் முந்தின நாள் காலை 5:30 முதல் இன்று காலை 5:30 வரை. அதே அறிக்கையை, அதிகாரி சீக்கிரம் வந்துவிடுகிறார் என்று 5 மணிக்கு மாற்றி வைத்தால், யந்திரத்துக்கு இன்னும் பழைய நாளே முடியாதாகையால், அதன் "நேற்று" முழுசாக ஒரு நாள் பின்னுக்குப் போய்விடும். ஒரு மணி நேரத்தை நகர்த்தினால் ஒரு நாள் நகர்கிறது. தாமதமாக வந்து சேரும் பதிவுகள் வேறு இருக்கின்றன. அவை வருமுன் அறிக்கை ஓடி முடிந்துவிட்டால், இந்த அறிக்கையிலும் சேராமல் அடுத்ததிலும் சேராமல் அந்தரத்தில் நிற்கும். அதற்காகத் தேடலின் முடிவெல்லையைச் சில நிமிஷம் பின்னே தள்ளி வைப்பது விவேகிகளின் வழக்கமாம்.

யந்திரத்தைப் பரிகசிக்க நமக்கு யோக்கியதை உண்டா என்பதும் யோசிக்க வேண்டியதே. பஞ்சாங்கத்துக்கு நாள் சூரியோதயத்தில் பிறக்கிறது. சர்க்காருக்கு நள்ளிரவில் பிறக்கிறது. மழைமானிக்கோ காலை 8:30க்குப் பிறக்கிறது. 1906 ஜனவரி 1இல் இந்திய நேரம் என்று ஒன்று ஏற்படுவதற்கு முன், ரயில்வண்டிகள் அதற்கு ஏறக்குறைய ஒன்பது நிமிஷம் பிந்திய மதராஸ் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. அதற்குச் சற்று முன்னால், 1904இல், செங்கோட்டைக்கும் கொல்லத்துக்கும் மலையைக் குடைந்து ரயில் விட்டார்கள். வண்டியைத் தவறவிட்டவர்கள் எந்தக் கடிகாரத்தை வைதார்களோ!

மழைமானியின் விஷயம் விளையாட்டன்று. வானிலைத் துறை ஒரு நாளின் மழை என்று பிரசுரிப்பது, முந்தின நாள் காலை 8:30 முதல் அன்று காலை 8:30 வரை பெய்தது. 2023 டிசம்பர் 18ஆம் தேதிக் கணக்கில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் என்று வந்து நாடே வாய்பிளந்ததே, அந்த ஒரு நாளின் இருபத்து நான்கு மணியில் பதினைந்தரை மணி 17ஆம் தேதிக்குச் சொந்தம். இன்னும் கிட்டத்தில், 2024 மே 17ஆம் தேதி பிற்பகலில் பழைய குற்றால அருவியில் திடீரென்று காட்டாற்று வெள்ளம் இறங்கி, பதினேழு வயது மாணவன் ஒருவன் உயிரிழந்தான். அன்று பிற்பகலில் மலையில் பெய்த மழை மழைப்பதிவேட்டில் 18ஆம் தேதியின் கட்டத்தில் ஏறும். நாளைக்கு ஒரு மாணவனோ ஓர் அதிகாரியோ ஆராய்ச்சி செய்கிறேன் என்று பதிவேட்டில் 17ஆம் தேதியைத் தேடினால், வெள்ளத்தன்று காலை 8:30 வரையிலான இருபத்து நான்கு மணியின் மழைதான் அவன் கையில் அகப்படும். மழையில்லாமலே வெள்ளம் வந்ததென்று அவன் எழுதிவிட்டால், பதிவேட்டைக் குற்றம் சொல்வதற்கில்லை.

என் தகப்பனார் "மேற்படி"யைத் தாராளமாகப் பிரயோகிப்பவர். ஆனால் பத்திரத்தின் கடைசியில் சொத்து விவரம் எழுதுகிற இடம் வந்ததும் அவருடைய பேனா மாறிவிடும். சர்வே எண், விஸ்தீரணம், பிறகு செக்குபந்தி: கிழக்கே இன்னார் நஞ்சை, மேற்கே வாய்க்கால், வடக்கே வண்டிப்பாதை, தெற்கே இன்னார் தோப்பு என்று நான்கெல்லையையும், அதே சொத்துக்கு முந்தின பத்திரம் கைவசம் இருந்தாலும், புதிதாக ஒருமுறை எழுதுவார். கட்சிக்காரர் அவசரப்பட்டால், "மேற்படியான் வந்து எல்லைக்கல் காட்ட மாட்டான்" என்பார். பெயரைச் சுருக்கலாம், ஊரைச் சுருக்கலாம். எல்லையைச் சுருக்கக் கூடாது என்பது அவர் தொழில் தர்மம்.

என் அபிப்பிராயமும் அவ்வளவே. மேக்ரோவை ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஓரிடத்தில் திருத்தினால் நூறிடத்தில் திருந்துகிற சௌகரியத்தை யார் வேண்டாமென்பார்? எதைத் தேடுவது என்பது மேக்ரோவுக்குள் இருக்கட்டும். எப்போதிலிருந்து எப்போது வரை என்பது வெளியே, அறிக்கையின் நெற்றியில் இருக்கட்டும். அதுவும் "நேற்று", "கடந்த நாள்" என்ற சொற்களில் அன்று. தேதி, மணி, எந்த ஊர் நேரம் என்ற மூன்றோடும், திரையில் கேட்ட நேரமாக இல்லாமல் தேடல் உள்ளபடி பார்த்த நேரமாக இருக்க வேண்டும்.

இதைச் சிறு விஷயம் என்று தள்ளிவிடுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். செர்ட்-இன் என்கிற மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு 2022 ஏப்ரல் 28இல் பிறப்பித்த உத்தரவின்படி, நிறுவனங்கள் தங்கள் கணினிக் கடிகாரங்களைத் தேசிய தகவலியல் மையத்தின் நேரத்தோடோ தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடோ ஒத்து வைத்துக்கொள்ள வேண்டும். பதிவுகளை 180 நாள் பாதுகாக்க வேண்டும். ஊடுருவல் நடந்தது தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும். நல்ல உத்தரவு. ஆனால் கடிகாரம் ஒத்திருக்கிறது, பதிவும் பத்திரமாயிருக்கிறது, தேடுகிறவன் மட்டும் இருபத்து நான்கில் ஒரு மணியை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறான் என்றால், தெரியவருவது எப்போது, ஆறு மணி நேரம் தொடங்குவது எப்போது? பதிவை வைத்திருக்கச் சொன்னவர்கள், தேடியதற்கும் எல்லை எழுதச் சொல்ல வேண்டும். வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் மின்வாரியத்திலும் இனி வரப்போகிற காலை அறிக்கைகள் அனைத்துக்கும் இது பொது விதியாக வேண்டும். நான்கெல்லை இல்லாத பத்திரத்தில் கையெழுத்துப் போடத் தயங்குகிற நாம், நேர எல்லை இல்லாத பூஜ்யத்தின் கீழே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

தம்பி மகனுடைய அறிக்கையில் இப்போது முதல் வரியாகத் தொடக்கமும் முடிவும் இந்திய நேரத்தில் அச்சாகின்றன. அந்த மேக்ரோவைப் பயன்படுத்தி வந்த மற்றத் தேடல்கள் பதினான்கு. அவற்றை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான், ஒன்பது முடிந்திருக்கிறது.

குற்றாலத்துக்கு வந்து அருவியைப் படமெடுத்து நாலு பேருக்கு அனுப்புகிற அன்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம். "இன்றைய ஐந்தருவி" என்று எழுதாதீர்கள். எடுத்த தேதியையும் மணியையும் படத்தின் மேலேயே எழுதி அனுப்புங்கள். வேன் வாடகை கொடுக்கிறவர்கள் உங்களை வாழ்த்துவார்கள். எனக்கும் தொலைபேசி அழைப்புகள் குறையும்.