மரத்துப்போன விரல்கள்



சென்ற இரண்டு இதழ்களில் நம் பக்கம் வெளிவராமை குறித்துப் பலர் விசாரித்திருந்தனர். வலக்கையில் அறுவைச் சிகிச்சை நடைபெற்றதே காரணம். பெருந்துன்பமாகச் சொல்லிக்கொள்ள அதில் ஒன்றுமில்லை. கால் மணி நேர வேலை. ஆயினும் அதற்கு முன் நாம் வீணாக்கிய ஓராண்டும், பின்னர் வந்த பத்து வாரங்களும் சில குடும்பங்களுக்கேனும் பயன்படக்கூடும் என்பதால் எழுதத் துணிந்தோம்.

தொடக்கம் மிகச் சாதாரணமானது. இரவு இரண்டு மணியளவில் விழிப்பு வரும். வலக்கையில் எறும்பு ஊர்வது போலிருக்கும். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் கட்டைபோல் கிடக்கும். எழுந்து கையை உதறினால் சற்று நேரத்தில் தணியும். கையைத் தலைக்கு அடியில் வைத்து உறங்கியதால் வந்தது என்று முதலில் எண்ணினோம். பிறகு வயதின் மேல் பழியைப் போட்டோம். தைலமும் தேய்த்துப் பார்த்தோம். சிறு உபாதைகளைச் சொல்லாமல் பொறுத்துக்கொள்வது நல்லது என்று குருமடத்தில் பழகிய மனம், மருத்துவரிடம் செல்வதை ஓராண்டு தள்ளிப்போட்டது.

ஒரு ஞாயிறன்று நற்கருணை வழங்குகையில், ஒரு மூதாட்டியின் முன் அப்பம் விரலிடுக்கிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. விழுந்ததைக் கண் கண்டதேயன்றி விரல் அறியவில்லை. மறுநாளே மருத்துவரிடம் சென்றோம்.

அவர் நம் இரு புறங்கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து, மணிக்கட்டை மடக்கியவாறு ஒரு நிமிடம் வைத்திருக்கச் சொன்னார். அமெரிக்க மருத்துவர் ஃபாலன் பெயரால் வழங்கும் எளிய சோதனை அது. நிமிடம் முடியும் முன்னரே விரல்கள் மரத்துவிட்டன. நரம்பில் மின்னோட்டம் செலுத்திப் பார்க்கும் சோதனையும் அதனை உறுதி செய்தது. நோயின் பெயர் கார்ப்பல் டன்னல் சிண்ட்ரோம்.

மணிக்கட்டின் உட்புறத்தில் குறுகிய வழி ஒன்று உண்டு. அடியிலும் பக்கங்களிலும் சிற்றெலும்புகள். மேலே கூரைபோல் தடித்த நார்ப்பட்டை. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் இவ்வழியே உள்ளங்கைக்குச் செல்கின்றன. உள்ளே சற்று வீக்கம் கண்டாலும் நசுங்குவது நரம்பே. சுண்டுவிரலுக்கு உணர்வு தருவது வேறு நரம்பு. ஆகவே மற்ற விரல்கள் மரக்கையில் அது மட்டும் தப்பிவிடும். இந்த அடையாளத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெண்களிடம் இந்நோய் மிகுதி. சர்க்கரை நோய், தைராய்டுக் குறை, கருவுற்ற காலம், மூட்டு வாதம், பழைய எலும்பு முறிவு, ஓயாமல் கையை இறுக்கி மடக்கிச் செய்யும் வேலை ஆகியன இதற்கு வழிகோலலாம். (நமக்குச் சர்க்கரை உண்டு. திருவிழாப் பாயசத்தின் முன் நம் மன உறுதி எத்தகையது என்பதை நம் பங்கு மக்கள் அறிவர்.)

1913-ஆம் ஆண்டிலேயே பிரான்சு நாட்டு மருத்துவர்களான மாரியும் ஃபுவாவும், இறந்துபோன ஒருவரின் மணிக்கட்டுகளை ஆராய்ந்து, அந்த நார்ப்பட்டையை வெட்டிவிட்டால் கை செயலிழப்பதைத் தடுக்கலாம் என்று எழுதினர். இன்றும் அறுவைச் சிகிச்சையில் செய்வது அதுவே. தொடக்க நிலையில் வருவோருக்கு இரவில் மணிக்கட்டை நேராக நிறுத்தும் பட்டையோ, ஓர் ஊசியோ போதுமானதாக இருக்கும். நமக்கோ பெருவிரலின் அடித்தசை மெலியத் தொடங்கியிருந்ததால், அந்த வழிகள் அடைபட்டிருந்தன.

கை மட்டும் மரக்கும்படி ஊசி போட்டார்கள். அன்று மாலையே பங்கு இல்லம் திரும்பினோம். அன்றிரவு விழிப்பே வரவில்லை! நாம் ஏமாந்தது அங்கேதான். நோய் தீர்ந்தது என்றே எண்ணினோம். பதினான்காம் நாள் தையல் பிரித்த பின்னரும் விரல் நுனிகளில் மரப்பு மிஞ்சியிருந்தது. உள்ளங்கையின் அடிப்பகுதியில், தழும்பின் இருபுறமும் ஒரு வலி குடியேறியது. ஐந்தாம் வாரம் கோயிலின் பெரிய கதவை அக்கையால் தள்ளிவிட்டு, மாலைவரை அதைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்தோம். மோட்டார் சைக்கிளின் கைப்பிடியும் அதே இடத்தில்தான் அழுத்தும். மருத்துவர் கடிந்துகொண்டார். நலிந்த நரம்பு மீண்டும் வளர்வது நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். பிடியின் வலிமை திரும்பவும் மாதங்கள் ஆகும் என்றார்.

இதற்கிடையில் நமக்கு அங்கியின் பொத்தானைப் போட்டுவிட்டவர் உபதேசியார். உணவு கரண்டியால். திருமுழுக்கு ஏட்டில் இடக்கையால் நாம் இட்ட கையொப்பத்தைக் கண்ட பீடச் சிறுவர்கள், தங்கள் முதல் வகுப்பு எழுத்தே மேல் என்று தமக்குள் பேசிக்கொண்டனர். உண்மைதான்.

நலம் விசாரிக்க வந்தவர்களுள் பீடி சுற்றும் தாய் ஒருவர் நம் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "சாமி, இதுதானா? எனக்கும் ராத்திரியில கை செத்துப்போகும். மூணு வருஷமாச்சு" என்றார். அவர் நீட்டிய கையில் பெருவிரலடி மேடு குழிந்து போயிருந்தது. பாத்திரம் நழுவும்போதெல்லாம் கவனமில்லை என்று ஏச்சு வாங்கியவர் அவர். "வேலை செய்யுற கைன்னா வலிக்கத்தானே சாமி செய்யும்" என்றார் அவருடைய கணவர். நாம் மறுமொழி கூறவில்லை. ஓராண்டு நாமும் அதையேதான் நமக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அவரையும் மருத்துவமனைக்கு அனுப்பினோம். அறுவைக்குப் பின் இரவு வலி நீங்கும், இன்னும் மெலியாதபடி காக்கலாம். ஆனால் மெலிந்த தசை முழுவதும் திரும்பும் என்று சொல்வதற்கில்லை என்று மருத்துவர் கூறினாராம். ஓராண்டு காத்திருந்த நாம் பிழைத்துக்கொண்டோம். மூன்றாண்டு காத்திருந்த அவர் விலை கொடுத்துவிட்டார். அவர் கேட்டது ஒன்றே: "எத்தனை நாள்ல மறுபடி சுளகை எடுக்கலாம்?" ஆறு வாரமாவது ஆகும் என்று கேட்டதும் சிகிச்சையே வேண்டாம் என்று திரும்பி வந்துவிட்டார். நாளுக்கு ஆயிரம் பீடி சுற்றினால்தான் அவ்வீட்டில் கணக்குச் சரியாகும்.

ஆறு வாரத்துக்கும் அரிசிக்கு வின்சென்ட் தே பவுல் சபையினர் பொறுப்பேற்றனர். அது எளிதாக முடிந்தது. துணி யார் துவைப்பது, தண்ணீர் யார் சுமப்பது, மாவு யார் அரைப்பது என்ற கேள்விக்குத்தான் விடை கிடைக்கவில்லை. கணவரும் வளர்ந்த இரு மகன்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். நம் இல்லத்தில் பொத்தான் போட ஓர் உபதேசியார் இருந்தார். உங்கள் வீட்டில் மூன்று ஆண்கள் இருக்கிறீர்கள் என்று சற்றுக் கடுமையாகவே சொன்னோம்.

இப்பொழுது சிகிச்சை முடிந்துவிட்டது. வரும் செவ்வாயன்று தையல் பிரிக்கிறார்கள். நேற்றுக் காலைத் திருப்பலி முடிந்து திரும்புகையில், அந்தக் கணவர் குழாயடியில் சேலைகளை அலசிக்கொண்டிருக்கக் கண்டோம். நம்மைக் கண்டதும் வாளியைக் காலால் பின்னுக்குத் தள்ளிவிட்டு, "தோத்திரம் சாமி" என்றார்.