பள்ளி வாசலில் புகை எதற்கு?

லண்டனில் போக்குவரத்து மிகுந்த சாலையருகே வசித்த எல்லா கிஸ்ஸி-டெப்ரா என்ற சிறுமி, கடும் ஆஸ்துமாவால் 2013-ல், 9 வயதில் இறந்தாள். தாய் ரோசமண்ட் விடாமல் போராடினார். 2020-ல் மறுவிசாரணை, காற்று மாசும் சாவுக்குக் காரணம் என்று பதிவு செய்தது.

நம் பள்ளி வாசல்களைப் பாருங்களேன்! மணியடிக்கும் வரை ஆட்டோவும் வேனும் உறுமிக்கொண்டே நிற்கின்றன. சைலன்ஸருக்குப் பக்கத்தில்தானே பிஞ்சுகளின் மூக்கு?

நானும் எங்கள் தெருத் தாய்மார்கள் இருவரும் தினமும், "இன்ஜினைக் கொஞ்சம் அணைச்சிடுங்க தம்பி" என்று கேட்கிறோம். முறைப்பவர் உண்டு, அணைப்பவரே அதிகம். அவர்களுக்கும் எரிபொருள் மிச்சம்தானே!

பள்ளி பக்கத்தில் என்றால் குழந்தையை நடத்தியே கூட்டிப் போங்கள். மற்றவர்கள் இன்ஜினை அணைக்கச் சொல்லுங்கள். குழந்தைக்காகக் கேட்க வெட்கமென்ன, சகோதரிகளே?