மலையில் கூரை யாருக்கு?

மலையேற்றம் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளில் பெரும்பாலும் ஒரே ஆள்தான் நடக்கிறார். அவருக்குப் பனி தெரியும், மௌனம் தெரியும், தன் அகங்காரம் கரைவதுகூடத் தெரியும். முன்னால் பாராங்கத்தியோடு வழி விலக்கிப் போகிறவர் மட்டும் கண்ணில் படமாட்டார். அரிசியும் கூடாரமும் யார் முதுகில் ஏறி வந்தன என்ற கேள்வியே எழாது. "ஆளில்லாத காடு" என்று ரசித்து எழுதிய வரியை, அதே காட்டில் பிறந்து வளர்ந்த ஒரு செமாய்க்காரர் படித்தால் என்ன நினைப்பார்?

எனக்கு இது வெறும் இலக்கியக் கோபம் இல்லை. யோங் பெலார் பாதையில் மலையேறிகளுக்கு ஒரு பொதுக் குடில் வேண்டும் என்று நண்பர்களிடம் பேச்செடுத்தபோது, முதல் எதிர்ப்பே இந்தக் கட்டுரைகளை விரும்பிப் படிக்கிறவர்களிடமிருந்துதான் வந்தது. "மலையை மலையா விடுங்கடா. அங்கயும் போய்க் கட்டடமா?"

சரி, எந்த மலை? பிரிஞ்சாங்கிலிருந்து வடக்கே திரிங்காப் தாண்டினால் கோலா தெர்லா. தெர்லா ஆறு தெலோம் ஆற்றோடு சேரும் இடம், அதனால் அந்தப் பெயர். அப்புறம் கம்போங் ராஜா, அதையடுத்து புளூ வேலி தேயிலைத் தோட்டம். அந்தப் பக்கத்திலிருந்துதான் யோங் பெலாருக்கு ஏறுகிறார்கள். 2,181 மீட்டர். தீபகற்பத்தில் தாஹான் 2,187, கோர்பு 2,183, அடுத்தது இது. முதல் மூன்று மலைகளுக்கும் நடுவே மொத்தம் ஆறே மீட்டர்தான் வித்தியாசம்! 'ஜி7' என்று 7,000 அடிக்கு மேற்பட்ட ஏழு மலைகளையும் முடிக்கக் கிளம்பும் இளைஞர்கள் எல்லாரும் ஒருநாள் இந்தப் பாதைக்கு வந்தே ஆகவேண்டும்.

கோலா தெர்லாவில் காரை நிறுத்திச் சுற்றிப் பாருங்கள். குன்று குன்றாகச் சிரைத்து, பிளாஸ்டிக் கூரை போட்டு, உள்ளே தக்காளியும் மிளகாயும் கீரையும். இறங்கி வரும் தெலோம் ஆற்றையும் விடவில்லை. அதன் நீரைச் சுரங்கம் வெட்டிப் பெர்த்தாம் பள்ளத்தாக்குப் பக்கம் திருப்பி, 1963இல் கட்டி முடித்த சுல்தான் அபுபக்கர் அணையின் ரிங்லெட் தேக்கத்தில் சேர்த்து மின்சாரம் எடுக்கிறோம். பொறியாளனாக அந்த வேலையைப் பார்த்து எனக்கு வியப்பு உண்டு. ஆனால் வெட்டித் திறந்த சரிவுகளின் மண் அதே தேக்கத்தில் போய்ப் படிந்து, அதை அள்ளுவதே தனி வேலையாகிவிட்டது. ஒரு மலையை இவ்வளவு புரட்டிப் போட்டபோது வராத "மலையை மலையா விடுங்க", 12 பேர் படுக்கிற ஒரு கூரை என்றதும் வந்துவிடுகிறது. கீழே மண் சரிந்தால் அது செய்தி. மேலே ஒரு பலகை வைத்தால் அது பாவம்.

இப்போது மேலே என்ன நடக்கிறது? பாதையில் இரவு தங்குகிற இடங்களில் ஒன்றுக்குக் கெம் தூடோங் பெரியுக் என்று பெயர், சட்டிமூடி முகாம். (இந்தப் பெயர்களை வைத்தவர்களுக்கு நம் கவிஞர்களைவிடக் கற்பனை அதிகம்.) முகாம் என்றால் கொஞ்சம் தட்டையான ஈரத் தரை, அவ்வளவுதான். ஒவ்வொரு குழுவும் வந்து தார்ப்பாய் கட்டுகிறது. கம்பு வேண்டுமென்று இளம் மரங்களை வெட்டுகிறார்கள், தண்ணீர் ஓட வாய்க்கால் பறிக்கிறார்கள், வெளிக்குப் போக ஆளாளுக்கு ஒரு திசை. நீண்ட விடுமுறை வந்தால் ஐந்தாறு குழுக்கள். கூரை கட்டினால் காடு கெடும் என்கிறவர்கள், கூரை இல்லாமல் எப்படிக் கெடுகிறது என்று ஒருமுறை போய்ப் பார்க்கட்டும். ஒரே இடத்தில் கூரை, ஒரே இடத்தில் கழிப்பிடம், மழைநீர் பிடிக்க ஒரு தொட்டி என்றால், மிதிபடும் நிலம் குறையும்.

குளிர் இன்னொன்று. வெப்பமண்டல நாட்டில் குளிரால் சாவா என்று சிரிப்பார்கள். 2,000 மீட்டரில், நனைந்த துணியோடு, காற்றில் நிற்கிற உடம்புக்கு நாம் எந்த நாட்டில் இருக்கிறோம் என்பது தெரியாது. நாங்கள் போன ஒரு மழை இரவில் பக்கத்துக் குழுவின் பையன் ஒருவனுக்கு நடுக்கம் நின்று பேச்சுக் குழற ஆரம்பித்துவிட்டது. நடுக்கம் நிற்பது நல்லதல்ல, அதுதான் பயப்பட வேண்டிய கட்டம். எங்களோடு வந்த செமாய் அண்ணன் அவனுடைய ஈரச்சட்டையைக் கழற்றி, காய்ந்த போர்வையில் சுற்றி, விடியும்வரை உட்கார வைத்தார். அந்த அண்ணனுக்கு அன்றைய கூலி எவ்வளவு என்று கேட்டேன். கோலாலம்பூரிலிருந்து பயணத்தை ஏற்பாடு செய்தவர்கள் எங்கள் ஒருவரிடம் வாங்கியதைவிடக் குறைவு. பெயர் வேண்டாம், எல்லாரும் அப்படித்தான்.

கூரை என்பது இந்த மலைக்குப் புதிதும் இல்லை. வில்லியம் கேமரன் 1885இல் அளந்துவிட்டுப் போன மேட்டுநிலம் இது. போ தோட்டம் 1929இல் தொடங்கியது, தாப்பாவிலிருந்து சாலை 1931வாக்கில் வந்து சேர்ந்தது. அதற்கப்புறம் நல்ல காட்சி தெரிகிற மேடுகளில் எல்லாம் கூரைகள் எழும்பின. துரை பங்களா, ஓய்வு இல்லம், கணப்படுப்பு வைத்த விருந்தினர் விடுதி. லயம் மட்டும் பள்ளத்தில். தாய்லாந்துப் பட்டு வணிகர் ஜிம் தாம்சன் 1967 மார்ச் 26ஆம் தேதி அப்படிப்பட்ட ஒரு பங்களாவிலிருந்துதான் நடக்கப் போய்க் காணாமல் போனார். போலீஸ், ராணுவம், பூர்வகுடியினர் என்று எல்லாரும் தேடியும் கிடைக்கவில்லை. இன்றைக்கும் கேமரன் மலைப் பாதைகளைப் பற்றி யார் எழுதினாலும் அவரை இழுக்காமல் முடிப்பதில்லை. அந்தச் சரிவுகளில் பெரட்டுக்குப் போய் நின்று, கொழுந்து கிள்ளி, கூடை சுமந்து ஒற்றையடிப் பாதைகளைப் போட்டவர்களைப் பற்றி அதே கட்டுரைகளில் ஒரு வரி கிடையாது. மலைமேல் கூரை என்றால் நமக்கு எப்போதும் துரையின் கூரைதான் ஞாபகம் வருகிறது. "லீவு நாள்லயும் மலை ஏறணுமாக்கும், உங்க தாத்தா ஏறினது போதாதா?" என்று எங்கள் வீட்டில் கேட்பதில் இந்தக் கசப்பும் இருக்கிறது. அதை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் குடில் என்ற எண்ணத்தைத் துரைகளுக்கு எழுதிக் கொடுப்பானேன்? நியூசிலாந்தில் 950க்கும் மேற்பட்ட மலைக் குடில்களை அரசு பராமரிக்கிறது. பலவும் 1950களிலும் 60களிலும் மான் வேட்டைக்கு அனுப்பப்பட்ட கூலி வேட்டைக்காரர்கள் ஒதுங்கக் கட்டியவை. உல்லாசப் பயணி பின்னால் வந்தவன். நார்வேயின் மலையேற்றச் சங்கம் 1868இல் தொடங்கியது, 550க்கும் மேற்பட்ட குடில்கள். பலவற்றில் ஆளே இருக்கமாட்டார்கள், அலமாரியில் இருக்கும் உணவை எடுத்துச் சமைத்துவிட்டுக் கணக்கெழுதிப் பணம் கட்டிப் போகலாம். நம்மிடம் இது இல்லையா? பிரசவத்தில் இறந்த பெண்ணின் நினைவாக வழியில் சுமைதாங்கிக் கல் நட்ட சமூகம் நாம். மடம், சத்திரம், தண்ணீர்ப்பந்தல் என்று நடந்து வருகிற முகம் தெரியாதவனுக்காகக் கட்டியவர்களுக்கு, மலைக்குடில் என்றதும் அது வெள்ளைக்காரன் பழக்கமாகிவிட்டது.

கினபாலுவைக் காட்டி மறுக்கிறவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. அங்கே 3,200 மீட்டருக்கு மேல் இருப்பது குடிலே அல்ல, விடுதி. சூடான சாப்பாடு, மாதக்கணக்கில் முன்பதிவு. எரிவாயு உருளைகூட உள்ளூர்க்காரர் முதுகில்தான் ஏறுகிறது. படுக்கையின் விலையோ அந்த உள்ளூர்க்காரர் நினைத்துப் பார்க்க முடியாதது. அதனால்தான் விடுதி வேண்டாம், குடில் என்கிறேன். பலகைப் படுக்கை, துத்தநாகத் தகடு, தண்ணீர்த் தொட்டி, கழிப்பிடம். சமைத்துப் போட ஆள் கிடையாது, வைஃபை கிடையாது. படம் எடுத்துப் போட லாயக்கில்லாததாக இருந்தால் இன்னும் நல்லது.

கூட்டம் வருமா? கூட்டத்தைக் கொண்டுவருவது சாலை. பிரிஞ்சாங் உச்சிவரை தார் போட்டார்கள், பாசிக்காட்டுக்கு வண்டி வண்டியாக ஆட்கள் போனார்கள், சேறு மிதிபட்டது, பலகைப் பாதை போடவேண்டி வந்தது. ஒரு நாள் முழுக்க முழங்கால் சேற்றில் நடந்தால்தான் போய்ச்சேர முடியும் என்ற குடிலுக்கு அந்தக் கூட்டம் வராது.

உண்மையான சிக்கல் வேறு. ஏறத் தொடங்குவது பஹாங்கில், உச்சி இருப்பது பேராவும் கிளந்தானும் தொடும் எல்லையில். காடு நம் அரசமைப்பில் மாநில விவகாரம், அப்படியென்றால் மூன்று வன இலாகாக்கள். 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி பெர்மிட் இல்லாமல் காப்புக்காட்டில் நுழைந்தால் 10,000 வெள்ளிவரை அபராதம், மூன்றாண்டுவரை சிறை. தடுக்கும் சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்கிறது. பாதையில் ஒருவன் விறைத்துக் கிடந்தால் எந்த மாநிலம் பொறுப்பு என்று கேட்டால் மூன்று பக்கமும் விரல் நீளும். பெர்மிட் வாங்கும் ஒவ்வொரு குழுவும் இந்தக் கேள்வியை எழுத்தில் கேட்டால் குறைந்தது கோப்பாவது திறக்கும்.

நம் ஆட்களுக்கும் ஒன்று. குடில் என்றதும் ஒருவர், "தோட்டத் தமிழர் நினைவுக் குடில்னு பேர் வைக்கலாம்" என்றார். வேண்டாம். கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதியை 'நம்ம சீட்டு' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். 2019 ஜனவரி 26 இடைத்தேர்தலில் ரம்லி முகமட் நூர் ஜெயித்து, நாடாளுமன்ற மக்களவைக்குத் தேர்வான முதல் பூர்வகுடி உறுப்பினர் ஆனார். அன்று நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஓடிய புலம்பலை நான் படித்தேன். நாம் இந்த மலையில் உழைத்தவர்கள், அவர்கள் இதில் இருந்தவர்கள். பெயர்ப்பலகைக்கு அடித்துக்கொள்வதைவிட, குடிலின் சாவி யார் கையில் இருக்கும் என்று பேசலாம். நார்வேயில் உறுப்பினர்களுக்கு ஒரே சாவி, பெரும்பாலான குடில்களுக்கும் அதுவே. இங்கே சாவியும் கட்டண வசூலும் பராமரிப்புக் கூலியும் செமாய் கிராமத்திடம் இருக்கட்டும். கம்போங் ராஜாவிலும் கோலா தெர்லாவிலும் வேலை தேடி ஈப்போவுக்கு இறங்கத் தயாராக நிற்கும் தோட்டத்துப் பிள்ளைகள் அவர்களிடம் சம்பளத்துக்குச் சேரட்டும். அண்ணனிடம் இதைச் சொன்னபோது, தகடு போடுவதற்கு முன் கூரையின் சாய்வு எந்தப் பக்கம் என்று தன்னிடம் கேட்கவேண்டும் என்றார். காற்று எங்கிருந்து அடிக்கும் என்று எந்த வரைபடத்திலும் இல்லையாம்.